ரேம் வாங்கக் கப்பலேறினேன்

மேல்தட்டுக் கம்பியோரம் நின்றவர்கள் இவர்கள். தையல் மிஷினை ரிப்பேருக்குத் தூக்கிவந்த தெலுங்கு அம்மாள். காதில் பஞ்சு வைத்த பட்டாளத்துக்காரர். கல்யாணத்துக்குப் போகும் ராஞ்சிக்காரர் இருவர். கூண்டில் ஒரு கிளி. கடைசியில் நான்.

கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே இடம் இல்லை என்றார்கள். மூன்று நாள் தண்ணீரை மட்டும் பார்த்த கண்ணுக்கு ஊர் ஒரு கோடாகத் தெரிந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. புகை நிறம். வடக்கே எண்ணூரில் புகைக்கூண்டுகள் தண்ணீரிலிருந்து முளைத்ததுபோல நின்றன. அதற்கும் உள்ளே, மணலிப் பக்கம், எண்ணெய் ஆலை உச்சியில், பகலிலும் ஒரு தீ எரிந்துகொண்டிருந்தது. அதை யாரும் அணைக்கப் போகவில்லை.

பட்டாளத்துக்காரர் கேட்டார். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ரேம் வாங்க."

"அது எவ்வளவு பெரிசு?"

கையால் காட்டினேன். அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட.

"அதுக்கு மூணு நாள் கப்பலா?"

"வர மூணு. போக மூணு."

அவர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார். நானும் அதையே மறுபடி சொன்னேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். அந்தமானில், போர்ட்பிளேருக்கு எதிர்க்கரையில், பேம்பூ பிளாட் ஜெட்டியில் பயணிகள் படகு ஓடுகிறது. அந்தப் படகு எஞ்சினில் எனக்கு கிரீஸர் வேலை. சுற்றுகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய், உரசுகிற இடத்துக்கெல்லாம் கிரீஸ். இருபது வருடமாக அதுதான். என் மனைவி கஸ்தூரி பன்னிரண்டாவது படித்தவள். டைப்ரைட்டிங் பாஸ். ஜெட்டிப் பக்கத்தில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான ஓர் அறை காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் வைத்து மனு, படிவம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துத் தருகிறேன், அறையைக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டாள். கூல்டிரிங்ஸ் கடைக்காரர் ஒருவரும் கேட்டார். பஞ்சாயத்தில் சொன்னார்கள், ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து பார்ப்போம், கம்ப்யூட்டர் ஓடினால் அறை உனக்கு, ஓடாவிட்டால் அவருக்கு.

மற்றச் சாமான் எல்லாம் போன கப்பலில் தெரிந்தவர் ஒருவர் வாங்கி வந்தார். ரேம் மட்டும் இல்லை. பட்டியல் எழுதிய காகிதத்தில் அந்த வரி மடிப்பில் போய்விட்டது. போர்ட்பிளேரில் கேட்டோம். அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். மூன்று கப்பல் வந்தது. ரேம் வரவில்லை. நான் லீவு எழுதிக் கொடுத்தேன்.

"அது என்ன செய்யும்?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"மிஷின் வேலை செய்யும்போது சாமானைப் பரப்பி வைக்கிற மேசை மாதிரி. மேசை சின்னதா இருந்தா தடுமாறும். மேசையே இல்லைன்னா எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

ஒரு காகிதத்தை போர்டில் அது உட்காரும் பள்ளத்தின்மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து அளவு எடுத்துக் கொடுத்தாள். நீளமான ஓர் அச்சு. இடையில் இரண்டு தடுப்பு, அந்த இரண்டு இடத்திலும் காகிதத்தை வெட்டியிருந்தாள். பக்கத்தில் 128 என்று எழுதியிருந்தாள். ஒரு பையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்குள் வாங்க வேண்டும். கெட்டுப்போனால் மாற்ற முடியாது, கடை கடலுக்கு அந்தப்பக்கம். ஆகவே கெடாததாக வாங்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் இறங்கினேன். தரை ஆடியது. கப்பலில் ஆடாமல் நடந்த கால் மெட்ராஸில் ஆடியது. ராயபுரம் வரை நடந்தே போனேன். கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றன. அவற்றின் நடுவே ஒருவர் சைக்கிளில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார். ஐஸ் சொட்டிய இடம் கோடாக ஈரம். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது காசிமேட்டில் கொண்டுபோய் விட்டது.

கஸ்தூரியின் அண்ணன் ஏழுமலை காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். அவர் மனைவி அம்சா அக்கா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார். கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"இன்னா தம்பி, காஞ்ச கருவாடு மாதிரி வந்து நிக்கிறே? கப்பல்ல சோறு போடலியா?"

"போட்டாங்க."

"துன்னியா?"

"மூணு நாள்ல ஒரு நாள்."

அவர் தட்டை எடுத்துப் போட்டார். கடம்பா என்கிற கணவாய் வறுவலும் சூடு சோறும் வைத்தார். எங்கள் தீவில் மீனுக்குக் குறைவில்லை, ஆனால் தக்காளி கப்பலில் வர வேண்டும். இங்கே குழம்பில் தக்காளியை அள்ளிப் போட்டிருந்தார். சாப்பிடும்போதும் தட்டு மெல்ல நகர்வதுபோலத் தெரிந்தது. கையால் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு பீச் ஸ்டேஷன் எதிரே உள்ள பஜாருக்குப் போனேன். டேப்ரிக்கார்டர், வாட்ச், சென்ட், கால்குலேட்டர். எல்லாவற்றுக்கும் கப்பல் வாசனை. கம்ப்யூட்டர் சாமான் வைத்திருந்த கடை ஒன்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரேம்கள் பச்சையாகப் படுத்திருந்தன.

காகித அளவை எடுத்து ஒன்றின்மேல் வைத்தேன். பொருந்தியது.

"நூத்தி இருபத்தெட்டு. எழுநூறு ரூபா. உங்க அதிர்ஷ்டம், இன்னிக்கு மட்டும்தான்" என்றார் கடைக்காரர்.

மச்சான் அதை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வளைத்தார்.

"யோவ்! யோவ்! இன்னா பண்றே?" கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"வெறைப்பா கீதான்னு பாத்தேன் நைனா. தொளதொளன்னு இருந்தா நேத்து மீனு."

"இது மீனா?"

"எதுவா இருந்தா இன்னா? ஓட்டிக் காட்டு, வாங்கிக்கிறோம்."

"ஓட்டிக் காட்டுற வேலை எல்லாம் கெடையாது மாமு. வாங்கினா வாங்கு, இல்லன்னா காத்து வரட்டும்."

நான் அதன் முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். புது வெள்ளை. ஓரத்தை நகத்தால் தொட்டேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர், பழுப்பு. அதில் இருந்த எண் 64. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடிமேல் வைத்தேன். மச்சானும் பார்த்துவிட்டார். அவர் சொல்லாமல் விடுவாரா?

"செவுளுக்குச் சாயம் பூசி விக்கிறவனை நான் தினம் பாக்கிறேன். அவன்கூட இத்தினி சோக்கா பூச மாட்டான்."

கடைக்காரர் பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டார்.

வெளியே தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த தீனி. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளி எல்லாம் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பிசைந்தவர் கை வேகமாகப் போனது. எங்கள் தீவிலும் பர்மாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இது இல்லை. ஒரே கடலின் இரண்டு கரை. ஒரு கரைக்கு வந்த தீனி இன்னொரு கரைக்கு வரவில்லை. அதை யோசித்துக்கொண்டே, கூடக் கொடுத்த சூப்பைக் குடித்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நெஞ்சுக்குள் ஊதியதுபோல இருந்தது.

வீட்டில் மச்சான் நடந்ததைச் சொன்னார். அம்சா அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஆளை இஸ்த்துகினு போனா ரேமை வெட்டி மொளகா தடவிடுவாரு. நீ தனியாப் போ."

திங்கட்கிழமை தனியாகப் போனேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு குடோனில், கம்பெனிகள் ஏலம் விட்ட கம்ப்யூட்டர்களைப் பிரிக்கிறார்கள், மலிவாகக் கிடைக்கும் என்று படகில் யாரோ மச்சானிடம் சொல்லியிருந்தார்கள்.

பஸ் திருவொற்றியூர் தாண்டியதும் ஒருமாதிரி முனகியது. எனக்கு எஞ்சின் சத்தம் தெரியும். கிளட்ச் போகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னைத் துரதிர்ஷ்டம் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டு ஸ்டாப் கழித்து நின்றது.

"எறங்கு, எறங்கு. வண்டி இனிமே போவாது" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் காசு?" என்றாள் கூடைக்காரி ஒருத்தி.

"பின்னால வர்ற வண்டியில அதே டிக்கெட்டுதாம்மா."

"பின்னால வண்டியே இல்லியே. லாரிதான் கீது."

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். நடந்தேன். ஒரு பக்கம் கருங்கல் போட்டுக் கடலைத் தடுத்து வைத்திருந்தார்கள். அலை கல்லுக்குள் புகுந்து மூச்சு விட்டது. சில இடங்களில் கல்லுக்கு அப்பால், தண்ணீருக்குள், ஒரு சுவர் மட்டும் நின்றது. கதவு வைத்த இடம் திறந்திருந்தது. அதன் வழியாக மீன்கள் போய் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபக்கம் புகைக்கூண்டு. எவ்வளவு நடந்தாலும் அது அதே தூரத்தில் இருந்தது. வெயில் புகைக்குள் கலந்து எல்லாம் பால் மாதிரி இருந்தது. நேரம் என்ன என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஒரு லாரி நின்றது. டிரைவர் நெல்லூர்க்காரர். தெலுங்கில் பேசினார். எங்கள் ஜெட்டியில் தெலுங்கு பாதி. எனக்குப் புரியும்.

"நான் இந்த வரிசையில் நேற்றிலிருந்து நிற்கிறேன்" என்றார் அவர். "துறைமுகம் நாலு மைல். என் ஊரிலிருந்து இங்கே வர ஆறு மணி நேரம். இங்கேயிருந்து அங்கே போக இரண்டு நாள். ஏறு, எந்தத் திசையில் போகிறாய் என்று கேட்கமாட்டேன். இப்போது நகர்கிறதே, அதுதான் பெரிது."

"நான் வடக்கே போகிறேன்."

"நான் தெற்கே. அப்படியானால் நட." ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

குடோனில் கம்ப்யூட்டர்கள் மலையாகக் கிடந்தன. கண்ணாடி முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. ஒரு மூலையில் சாக்கு விரித்து, இரண்டு பெண்கள் ரேம்களைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார்கள். பக்கத்தில் தராசு.

"எப்படி விக்கிறீங்க?" என்றேன்.

"கிலோ கணக்கு" என்றார் குடோன்காரர். பனியனில் நின்றார். "ஓரத்துல வரிசையா பல்லு, அதுல தங்கப் பூச்சு கீது பாரு, அத்த ஆசிட்ல போட்டுப் பிரிப்பாங்கோ. நீ எத்தினி கிலோ?"

"ஒண்ணு."

"ஒரு கிலோவா?"

"ஒரு ரேம்."

அவர் சிரிக்கவில்லை. என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சாக்கின்முன் குந்தினார். நானும் குந்தினேன். ஒன்றொன்றாக எடுத்து காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். சின்னது. இன்னும் சின்னது. நீளம் சரி, வெட்டு ஒன்றுதான். பச்சைப் பலகைகளும் கறுப்புப் பூச்சிகளும் கண்ணுக்குள் ஓடின. எத்தனை ஆபீஸ்களில் எத்தனை பேர் அடித்த கணக்கு, கடிதம். எல்லாம் வெளியே போய்விட்டு வெறும் பல்லாகக் கிடந்தது.

"எல்லாம் பயசு நைனா" என்றார் கடைசியில். "உன்னுது புச்சு மாடலு. இங்க சிக்காது. அப்படியே சிக்கினாலும் நான் தர மாட்டேன். நாலு ஆபீஸ்ல பேஜாராகி வந்தது உனக்கு மட்டும் ஒயுங்கா ஓடுமா? யானைக்கவுனில ஒரு மாடிக்கடை கீது. அங்க போ." காகிதத்தின் பின்னால் வழி எழுதிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை யானைக்கவுனி. பாத்திரக்கடை, பெயின்ட் கடை, நடுவே ஒரு மரப்படி. படி ஏறும்போதும் ஆடியது. அது என் காலா படியா என்று தெரியவில்லை. இறங்கிவந்த ஒருவர், "பாத்து வாங்க, நாலாவது படி லூசு" என்றார். பரவாயில்லை என்று இருந்தது.

மேலே நீளமான மேசை. அதன்மேல் பெட்டி இல்லாத போர்டுகள் திறந்து கிடந்தன. குடல் தெரிகிற மாதிரி. ஒரு பெண் அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் பரிமளா, வியாசர்பாடி. கழுத்தில் ஒரு நூலில் ரப்பர் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். உள்ளே வயதான முதலாளி. எல்லோரும் சேட்டு என்றார்கள்.

காகிதத்தை நீட்டினேன்.

"இது இன்னாண்ணா? ஜாக்கெட் அளவா?"

"ரேம் அளவு. வீட்டுல எடுத்துக் கொடுத்தாங்க."

பரிமளா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சோக்கா எடுத்துக்கீறாங்கோ. இந்த ரெண்டு வெட்டு வச்சே இன்னா மாடல்னு சொல்லிடலாம். நூத்தி இருபத்தெட்டு ஒண்ணா வேணுமா, அறுவத்தி நாலு ரெண்டா?"

"எது நல்லது?"

"ஒண்ணா வாங்கினா ஒரு பள்ளம் மிச்சம். நாளைக்கு இன்னொண்ணு போட்டுக்கலாம். ரெண்டுன்னா கெடுறதுக்கும் ரெண்டு."

"ஒண்ணு."

இரண்டு எடுத்து வைத்தார். ஒன்றின் கறுப்புச் சில்லுகளில் கம்பெனிப் பெயர் இருந்தது. ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. இன்னொன்றில் பெயர் இல்லை. தொள்ளாயிரத்து ஐம்பது.

"பேர் இல்லாதது ஓடாதா?"

"ஓடும். எத்தினி நாள்னுதான் அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேர் போட்டதுக்கு மூணு வருசம் கேரன்டி. கெட்டா எட்த்தாந்து குடுங்க, மாத்தித் தருவோம்."

"வர முடியாது. நான் அந்தமான். வியாழக்கிழமை கப்பல்."

பரிமளா உள்ளே திரும்பி சேட்டிடம் இந்தியில் சொன்னார். சேட்டும் இந்தியில் பதில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்தார்கள். தீவில் பத்து ஊர் ஆட்கள். ஒருவருக்கொருவர் பேச இந்திதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தீவுக்காரர்" என்றார் பரிமளா. "போனால் திரும்பி வரமாட்டார்."

"வரமாட்டார்தானே" என்றார் சேட்டு.

எனக்குக் காது சூடாயிற்று. பையை இறுக்கிப் பிடித்தேன். பஜாரில் பார்த்த ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. வாசலுக்கும் எனக்கும் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டேன்.

"அப்படியானால் அவருக்கு இப்போது கொடுக்காதே" என்றார் சேட்டு. "பெயர் போட்டதில் ரெண்டு எடுத்து ராத்திரி முழுக்க ஓட்டு. காலையில் எது தப்பில்லாமல் நிற்கிறதோ அதைக் கொடு. தெருவில் இருப்பவன் தினம் வந்து திட்டலாம். இவர் கடலுக்கு அந்தப்பக்கம் நின்று திட்டினால் நமக்குக் கேட்காது. கேட்காத திட்டு பொல்லாதது."

பரிமளா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நாளைக்குக் காலைல வாங்கண்ணா. செக் பண்ணித் தர்றேன்."

சரி என்றேன். படியில் இறங்கும்போது நாலாவது படியை மறந்துவிட்டேன். விழவில்லை.

புதன்கிழமை காலை போனபோது இரண்டு திரை எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் சிவப்புக் கோடுகள்.

"இத்தப் பாருங்க. பேர் போட்டதுதான். விடிகாலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. அப்பால மக்கர். நேத்தே குடுத்திருந்தா இது உங்க வூட்டுக்குப் போயிருக்கும்."

இன்னொரு திரை நீலமாக, அமைதியாக இருந்தது. மிஷினை அணைத்து, அதில் இருந்த ரேமை எடுத்தார். கழுத்து ரப்பரால் அதன் தங்கப் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்தார். வாயால் ஊதினார். மறுபடி பள்ளத்தில் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. அதைச் செய்யும்போது அவர் பேசவில்லை. நானும் எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்விட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் மேலே மேலே ஓடின. கடலில் ஆழம் பார்க்கிற கருவி மாதிரி. நின்றது.

"இத்த எழுதிக்கோங்க. ஒண்ணு, மூணு, ஒண்ணு, சைபர், ஏழு, ரெண்டு. நூத்தி இருபத்தெட்டுன்னா இந்த எண்ணுல வந்து நிக்கணும். கொறஞ்சா ஏதோ கோளாறு. பல்லைக் கையால தொடாதீங்க."

கப்பல் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். ஆயிரத்து முந்நூற்று ஐம்பதை எண்ணிக் கொடுத்தேன். போகும்போது சேட்டிடம் இந்தியில், "கேட்காத இடத்தில் நின்று திட்ட மாட்டேன், சேட்ஜி" என்றேன். அவர் வாயில் வைத்த வெற்றிலையோடு அப்படியே நின்றார். பரிமளா மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

சாயங்காலம் ராயபுரத்தில் எஸ்டிடி பூத்திலிருந்து கஸ்தூரியைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு போனுக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

"உப்புக் காத்து படாம கொண்டாங்க. உப்புதான் அதுக்கு எமன்."

"சரி."

"சாப்பிட்டீங்களா?" என்பதற்குள் பில் மிஷின் வேகமாக ஓடியது. வைத்துவிட்டேன்.

மச்சான் படகில் இருந்தார். துறைமுகத்துக்குள் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. சூரியன் மணலிப் புகைக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் செம்பு நிறம். கஸ்தூரி சொன்னதைச் சொன்னேன்.

"உப்புக்கு நம்மகிட்ட மருந்து கீதே மாப்ள" என்றார்.

எனக்கும் அதே தோன்றியிருந்தது. படகில் பேட்டரி முனைக்கு என்ன செய்வோம்? கிரீஸ் தடவுவோம். கிரீஸ் தடவாத முனை கடலில் ஒரு வாரத்தில் பச்சையாகப் பூத்துவிடும். எங்கள் ஜெட்டியிலும் அதுதான், காசிமேட்டிலும் அதுதான். இதில் இரண்டு பேச்சு இல்லை.

எஞ்சின் அறையிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்தார். பல்லைக் கையால் தொடக்கூடாது என்று பரிமளா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆகவே ஐஸ்கிரீம் குச்சியால் தடவினேன். மெதுவாக, ஒரு பல் விடாமல், இரண்டு பக்கமும். மச்சான் டார்ச் அடித்தார். இருபது வருடத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதற்கும் கிரீஸ் போட்டதில்லை. பொட்டலத்தில் போட்டு, பிளாஸ்டிக்கில் சுற்றி, நூல் கட்டினோம். ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி இருவரும் காலை நீட்டி உட்கார்ந்தோம். படகு மெல்ல ஆடியது. ஐந்து நாளில் முதல்முறையாக என் காலும் தரையும் ஒன்றாக ஆடின.

வியாழக்கிழமை அம்சா அக்கா ஒரு கூடை தக்காளி கொடுத்தார். "பாத்து எட்த்துகினு போ. நசுங்கினா உன் பொண்டாட்டி என்னைத்தான் கேப்பா."

கப்பல் கிளம்பியது. எண்ணூர்ப் புகைக்கூண்டுகள் நேரம் போகப்போகப் பென்சிலாகி, குச்சியாகி, இல்லாமல் போயின. இரண்டாம் நாள் மழைக்காற்று. கப்பல் வேகத்தைக் குறைத்தது. படுக்கையில் கிடந்து கண்ணை மூடினால் எண்கள் ஓடின. கறுப்புத் தண்ணீரில் வெள்ளை எண்கள். நிற்கும் இடத்துக்கு முன்பே விழித்துவிடுவேன். டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பேன். மறுபடி படுப்பேன்.

ஞாயிறு மதியம் சேரவேண்டிய கப்பல் திங்கள் காலைதான் சேர்ந்தது. அன்று ஒன்றாம் தேதி. என் படகிலேயே எதிர்க்கரைக்கு வந்தேன். ஜெட்டி அறையை நான் அடைந்தபோது மணி எட்டரை. கஸ்தூரி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றிருந்தாள். தக்காளியைக் கீழே வைத்தேன். பொட்டலத்தைக் கொடுத்தேன். அவள் அவசரத்தில் முனையைப் பிடித்து எடுத்து, பார்க்காமல் அழுத்தினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

திரை கறுப்பு. உள்ளேயிருந்து ஒரு நீளச் சத்தம். நின்றது. மறுபடி நீளச் சத்தம். நம்பர் ஒன்றும் இல்லை.

அணைத்தாள். எடுத்தாள். விரலில் ஒட்டியதைப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"கிரீஸ்."

"யார் போட்டது?"

"நான்."

அவள் ரேமைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிரீஸ் வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறம். காசிமேட்டில் திறந்து வைத்த எதன்மேலும் துறைமுகத்து நிலக்கரித்தூள் படியும். அக்கா வீட்டுச் சோற்றுப்பானை மூடிமேலேயே படிந்திருந்தது. டப்பாவுக்குள் படியாதா?

"உப்புக் காத்து படக்கூடாதுன்னு சொன்னே" என்றேன்.

"சொன்னேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பார்க்க நேரம் இல்லை. மணி ஒன்பதாகிவிட்டது. கூல்டிரிங்ஸ் கடைக்காரர் அறை வாசலில் வந்து நின்று, ஐஸ் பெட்டி எங்கே வைக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தார்.

அப்போது எனக்கு பரிமளாவின் கழுத்து நூல் மனதில் தெரிந்தது. ரப்பர். தேய்த்தது. ஊதியது. அவர் பேசாமல் செய்தது.

"தங்கம் தங்கத்தை நேராத் தொடணும்" என்றேன். "நடுவுல எதுவும் இருக்கக்கூடாது. அந்தம்மா அழிரப்பர் வச்சுத் தேச்சாங்க."

கஸ்தூரி ஓடினாள். நான் டிஸ்பென்சரிக்கு நடந்தேன். ஓடினால் கை நடுங்கும். கம்பவுண்டரிடம் பஞ்சும் ஸ்பிரிட்டும் கேட்டேன்.

"காயமா?"

"ஆமா."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். சாம்பல் வந்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கஸ்தூரி கடையிலிருந்து புது ரப்பர் வாங்கி வந்திருந்தாள். வாசனை ரப்பர், ரோஸ் நிறம். ஒரு பல் விடாமல் தேய்த்தேன். தடவும்போது இருந்த அதே கவனம். தங்கம் தெரிந்தது. ஊதினேன். முதல் பள்ளத்துக்குள் கிரீஸ் போயிருக்கும். அதை விட்டு இரண்டாவது பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். டக் என்றது.

பத்து மணிக்கு அறையில் இருந்தவர்கள். பஞ்சாயத்துத் தலைவர். அவருடைய எழுத்தர். கையில் அளவு டேப்போடு கூல்டிரிங்ஸ் கடைக்காரர். கஸ்தூரி. நான்.

"ஓடுதாம்மா?" என்றார் தலைவர்.

கஸ்தூரி ஸ்விட்சைப் போட்டாள். நான் டிக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பிடித்தேன். சத்தம் வரவில்லை. கறுப்பில் வெள்ளையாக எண்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. தரை லேசாக ஆடியது. நின்றது.

131072.